ஷாக்கை விட்டது சரியா, தவறா? - இருபது வருடமாக முடியாத ஒரு வழக்கு

2004 ஜூலை 14. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் என்ற கூடைப்பந்து அணி, தன்னிடமிருந்த மிகப் பெரிய ஆட்டக்காரரை மயாமி ஹீட் அணிக்குக் கொடுத்துவிட்டது. 'மிகப் பெரிய' என்பதை எந்த அர்த்தத்தில் எடுத்துக்கொண்டாலும் சரிதான். ஷகீல் ஓ'நீலின் உயரம் 7 அடி 1 அங்குலம். எடை 140 கிலோவுக்குக் குறையாது. கூடைக்கு அடியில் அவர் பந்தோடு திரும்பினால் இரண்டு பேர் சேர்ந்து தொங்கினாலும் தடுக்க முடியாது. ரசிகர்களுக்கு அவர் 'ஷாக்'.

பதிலுக்கு லேக்கர்ஸுக்குக் கிடைத்தது மூன்று ஆட்டக்காரர்கள்: லமார் ஓடம், கரோன் பட்லர், பிரையன் கிராண்ட். கூடவே 'டிராஃப்ட்' எனப்படும் புதுமுகத் தேர்வில் மயாமியின் முதல் சுற்று வாய்ப்பு ஒன்று. இந்த மூவரில் ஒருவர்கூட அதுவரை லீக்கின் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானதில்லை. மூன்று முறை சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தவரை விட்டு வாங்கியது இவ்வளவுதானா என்று அன்றைக்கே ரசிகர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வி இன்றுவரை முடியவில்லை. கூடைப்பந்து ரசிகர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் எப்போது வேண்டுமானாலும் மறுபடி தொடங்கலாம்.

சரி, இந்த வழக்கு ஏன் முடியமாட்டேன் என்கிறது? காரணம் எளிது. எந்த வருடம் நின்று தீர்ப்புச் சொல்கிறோமோ, அந்த வருடத்துக்குத் தகுந்தபடி தீர்ப்பு மாறுகிறது. 2005-ல் ஒரு தீர்ப்பு, 2006-ல் ஒன்று, 2010-ல் முற்றிலும் வேறொன்று. கதையை ஆரம்பத்திலிருந்து பார்த்தால்தான் இது விளங்கும்.

ஒரே கோடையில் வந்த இருவர்

1996 கோடைக்காலம். ஷாக் அப்போது ஓர்லாண்டோ மேஜிக் அணியில் இருந்தார். முந்தைய வருடம்தான் அந்த அணியை இறுதித் தொடர் வரை கொண்டுபோயிருந்தார். ஒப்பந்தம் முடிந்துவிட்டதால் எந்த அணியோடும் பேசலாம் என்ற நிலை. அந்த நேரத்தில் ஓர்லாண்டோவின் உள்ளூர் பத்திரிகை ஒன்று வாசகர்களிடம் ஒரு கேள்வி கேட்டது: 7 வருடத்துக்கு 11.5 கோடி டாலர் கொடுக்கும் அளவுக்கு ஷாக் மதிப்புள்ளவரா? பத்தில் ஒன்பது பேருக்கு மேல் 'இல்லை' என்றார்கள்! ஜூலை 18 அன்று ஷாக் லேக்கர்ஸில் சேர்ந்துவிட்டார். ஓர்லாண்டோவுக்குப் பதிலுக்கு ஒரு ஆட்டக்காரர்கூடக் கிடைக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்து போகிறவருக்கு ஈடு கேட்க முடியாது. இந்த ஒரு விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எட்டு வருடம் கழித்து லேக்கர்ஸ் நிர்வாகம் இதையே நினைத்துத்தான் பயந்தது.

ஷாக்கின் சம்பளத்துக்கு இடம் வேண்டும் என்பதற்காக லேக்கர்ஸ் தன்னுடைய சென்டர் விளாடே டிவாச்சை ஷார்லட் அணிக்குக் கொடுத்தது. அதற்கு ஈடாக, அந்த வருட டிராஃப்டில் ஷார்லட் 13-வதாகத் தேர்ந்தெடுத்த ஒரு பையனை வாங்கிக்கொண்டது. பள்ளிப்படிப்பை அப்போதுதான் முடித்திருந்த அந்தப் பையனுக்கு வயது 17. பெயர் கோபி பிரையன்ட். ஆக, ஷாக்கும் கோபியும் லேக்கர்ஸுக்கு வந்தது ஒரே மாதத்தில், ஒரே கணக்கின் இரண்டு பக்கங்களாக. இருவரையும் கொண்டுவந்தவர் அப்போதைய நிர்வாகி ஜெர்ரி வெஸ்ட்.

1999-ல் பயிற்சியாளராக ஃபில் ஜாக்சன் வந்தார். மைக்கேல் ஜோர்டனின் சிகாகோ அணிக்கு ஆறு பட்டம் வாங்கிக் கொடுத்தவர். அவர் வந்ததும் 2000, 2001, 2002 என்று வரிசையாக மூன்று பட்டங்கள். மூன்று இறுதித் தொடரிலும் சிறந்த ஆட்டக்காரர் விருது ஷாக்குக்கே. 2001 பிளே-ஆஃபில் 16 ஆட்டங்கள் ஆடி ஒன்றில் மட்டும் தோற்றார்கள்.

வெளியே வெற்றி, உள்ளே புகைச்சல். பந்து யாரிடம் போக வேண்டும், அணி யாருடையது என்பதே சண்டை. ஷாக் பருவத்தின் தொடக்கத்தில் மெதுவாக உடம்பைத் தேற்றிக்கொண்டு பிளே-ஆஃபில் உச்சத்துக்கு வருபவர். கோபி விடியற்காலையில் எழுந்து பயிற்சி செய்பவர். ஒருவருக்கு மற்றவர் சோம்பேறி, மற்றவருக்கு இவர் சுயநலக்காரர். பத்திரிகைகள் வழியாகவே பதிலுக்குப் பதில் பேசிக்கொண்டார்கள்.

2003-ல் சான் அன்டோனியோவிடம் தோற்று நான்காவது பட்டம் கைநழுவியது. 2003-04 பருவத்துக்கு கார்ல் மலோன், கேரி பெய்ட்டன் என்ற இரண்டு மூத்த நட்சத்திரங்களைச் சேர்த்தார்கள். கோபி அந்த வருடம் கொலராடோவில் ஒரு குற்ற வழக்கை எதிர்கொண்டு, நீதிமன்றத்துக்கும் ஆடுகளத்துக்கும் மாறி மாறிப் பறந்துகொண்டிருந்தார். (அந்த வழக்கு 2004 செப்டம்பரில் கைவிடப்பட்டது.) இவ்வளவுக்கும் நடுவில் அணி இறுதித் தொடருக்கு வந்தது. அங்கே பெரிய நட்சத்திரம் என்று யாருமே இல்லாத டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் 4-1 என்று லேக்கர்ஸை அடித்துத் துவைத்தது.

மூன்று நெருக்கடிகள்

தோல்வி முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஃபில் ஜாக்சன் தொடரமாட்டார் என்று அறிவிப்பு வந்தது. ஷாக்கை யாராவது கேட்டால் பேசத் தயார் என்கிற மாதிரி நிர்வாகி மிட்ச் கப்சாக் சொல்லிவைக்க, ஷாக் கோபித்துக்கொண்டு என்னை வேறு அணிக்கு அனுப்புங்கள் என்று தானே கேட்டுவிட்டார். நிர்வாகத்தின் முன்னால் அப்போது மூன்று நெருக்கடிகள் இருந்தன.

முதலாவது வயது. ஷாக்குக்கு 32 முடிந்துவிட்டது. அவ்வளவு எடையைச் சுமக்கிற முழங்காலும் கால்விரலும் எத்தனை காலம் தாங்கும்? கோபிக்கு இன்னும் 26 ஆகவில்லை.

இரண்டாவது பணம். அமெரிக்க கூடைப்பந்து லீக்கில் ஒவ்வொரு அணியும் சம்பளத்துக்குச் செலவழிக்க ஒரு வரம்பு உண்டு. 2004-05 பருவத்துக்கு அது 4.387 கோடி டாலர். அந்தப் பருவத்தில் ஷாக்கின் சம்பளம் மட்டும் சுமார் 2.77 கோடி. சொந்த ஆட்டக்காரர்களைத் தக்கவைக்க வரம்பைத் தாண்டலாம், ஆனால் தாண்டிய அணி வெளியிலிருந்து பெரிய ஆளைக் கூலி பேசிக் கொண்டுவர முடியாது. ஷாக் இன்னும் பல வருடத்துக்கு இதே அளவில் ஒப்பந்த நீட்டிப்பு கேட்டார். 2003 அக்டோபரில் ஹவாயில் நடந்த ஒரு பயிற்சி ஆட்டத்தில், அணி உரிமையாளர் ஜெர்ரி பஸ் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்துச் சம்பளத்தைக் கொடு என்று ஷாக் ஆடுகளத்திலிருந்தே கத்தியது பிரசித்தம். பஸ் அதை ரசிக்கவில்லை.

மூன்றாவது கோபி. அவருடைய ஒப்பந்தமும் அந்தக் கோடையில் முடிந்திருந்தது. அவர் யாரிடம் வேண்டுமானாலும் போகலாம். அதே ஊரின் இன்னொரு அணியான கிளிப்பர்ஸ் அவரை வரவேற்கத் தயாராக இருந்தது. கோபி போய்விட்டால் 1996-ல் ஓர்லாண்டோவுக்கு நடந்ததுதான் லேக்கர்ஸுக்கும் நடக்கும். கைக்கு ஒன்றுமே மிஞ்சாது.

பரிமாற்றம் ஜூலை 14-ல் முடிந்தது. மறுநாள் கோபி 7 வருடத்துக்கு 13.6 கோடி டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். ஒரே ஒரு நாள் இடைவெளி! 'கோபிதான் ஷாக்கை வெளியே தள்ளினார்' என்ற பேச்சு அந்த இடைவெளியில்தான் பிறந்தது. தான் யாரையும் அனுப்பச் சொல்லவில்லை, அது உரிமையாளர் எடுத்த முடிவு என்று கோபி பிறகு பலமுறை சொன்னார். ஷாக்குக்கு அவர் கேட்கும் தொகையைக் கொடுக்கப் போவதில்லை என்று பஸ் முன்பே தன்னிடம் சொல்லிவிட்டதாக 2007-ல் வெளிப்படையாகவே பேசினார்.

ரசிகர்களின் மூன்று கட்சி

அன்றைய விவாதத்தில் ரசிகர்கள் மூன்று கட்சியாகப் பிரிந்து நின்றார்கள்.

முதல் கட்சி 'ஷாக் கட்சி'. இவர்களுடைய வாதம் நேரானது. லீக்கில் நல்ல கார்டுகள் நிறையப் பேர் உண்டு, இப்படி ஒரு சென்டர் ஒருவர்தான். பெரிய ஆளைக் கொடுத்துச் சின்ன ஆட்களை வாங்குகிற அணி ஜெயித்ததாகச் சரித்திரமே இல்லை என்பார்கள். ஆதாரத்துக்கு 1968-ஐக் காட்டுவார்கள். அந்த வருடம் ஃபிலடெல்ஃபியா அணி வில்ட் சேம்பர்லெய்னை மூன்று ஆட்டக்காரர்களுக்கு ஈடாக லேக்கர்ஸுக்கே கொடுத்தது. 1972-ல் சேம்பர்லெய்ன் லேக்கர்ஸோடு பட்டம் வென்றார். 1972-73 பருவத்தில் ஃபிலடெல்ஃபியா 9 ஆட்டங்களில் ஜெயித்து 73-ல் தோற்றது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இரண்டாவது 'கோபி கட்சி'. ஷாக் முடிந்துபோன கதை, கோபி தொடங்கப்போகிற கதை என்பது இவர்கள் வாதம். இருவரில் ஒருவர்தான் மிஞ்ச முடியும் என்றால், இன்னும் பத்து வருடம் ஆடக்கூடியவரை வைத்துக்கொள்வதுதானே புத்திசாலித்தனம்?

மூன்றாவது கட்சியைக் 'கணக்குப்பிள்ளை கட்சி' எனலாம். பிரிக்க வேண்டியது அவசியம்தான், ஆனால் விலை சரியில்லை என்றார்கள் இவர்கள். டல்லாஸ் அணியிடம் லேக்கர்ஸ் டர்க் நோவிட்ஸ்கியைக் கேட்டுப் பார்த்தது, டல்லாஸ் சம்மதிக்கவில்லை. மயாமியிடம் இருந்த சிறந்த இளைஞர் ட்வைன் வேட். அவரைக் கொடுக்க மயாமியும் சம்மதிக்கவில்லை. மயாமியில் பேரம் பேசியவர் பாட் ரைலி, 1980-களில் லேக்கர்ஸுக்கே நான்கு பட்டம் வாங்கிக் கொடுத்த பழைய பயிற்சியாளர். ஷாக் போக விரும்புகிறார் என்று ஊருக்கே தெரிந்தபிறகு பேரம் பேசினால் நல்ல விலை எப்படிக் கிடைக்கும்? சம்பளக் கணக்கைச் சமன் செய்வதற்காகவே பிரையன் கிராண்டையும் ஏற்க வேண்டிவந்தது. வரம்பைத் தாண்டிய அணிகளுக்குள் பரிமாற்றம் நடந்தால் இரண்டு பக்கச் சம்பளமும் ஏறத்தாழ சமமாக இருக்க வேண்டும் என்பது விதி. 2000-ல் 7 வருடத்துக்கு 8.6 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டிருந்த கிராண்டின் முழங்கால்கள் அப்போதே தேய்ந்திருந்தன. ஒரே வருடத்தில் லேக்கர்ஸ் அவரை விடுவித்துவிட்டது.

முதல் தீர்ப்பு: மயாமி

ஷாக் மயாமிக்கு ஒரு பெரிய லாரியில் வந்து இறங்கினார். திரண்டிருந்த ரசிகர்கள் மீது பொம்மைத் துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சி அடித்து, இந்த ஊருக்குப் பட்டம் கொண்டுவருவேன் என்று வாக்குக் கொடுத்தார். மயாமி அணி தொடங்கியது 1988-ல். அதுவரை ஒரு பட்டமும் இல்லை.

2004 கிறிஸ்துமஸ் அன்று இரண்டு அணிகளும் லாஸ் ஏஞ்சலஸில் மோதின. கோபி 42 புள்ளிகள் எடுத்தார். கூடுதல் நேரத்தில் அவர் எறிந்த கடைசிப் பந்து விழவில்லை. மயாமி 104-102 என்று ஜெயித்தது. அந்தப் பருவம் முடிந்தபோது மயாமி 59 வெற்றி, 23 தோல்வி. முந்தைய வருடம் அதே அணி 42 வெற்றிதான். லேக்கர்ஸோ 34 வெற்றி, 48 தோல்வி. 1994-க்குப் பிறகு முதல்முறையாகப் பிளே-ஆஃபுக்கே போகவில்லை. புதிய பயிற்சியாளர் ரூடி டோம்ஜானோவிச் பருவத்தின் பாதியிலேயே விலகினார். 2005 ஜூனில் நிர்வாகம் ஃபில் ஜாக்சனையே மறுபடி கூப்பிட்டது. கோபியைப் பயிற்றுவிப்பது கஷ்டம் என்று இடையில் புத்தகமே எழுதியிருந்தவர் அவர்!

2006 ஜூனில் மயாமி இறுதித் தொடருக்கு வந்தது. எதிரணி, நோவிட்ஸ்கியைக் கொடுக்க மறுத்த அதே டல்லாஸ். முதல் இரண்டு ஆட்டமும் போனது. மூன்றாவதிலும் கடைசிக் கால்பகுதியில் 13 புள்ளி பின்தங்கியிருந்த நிலையில் வேட் எழுந்தார். அந்த ஆட்டத்தில் 42 புள்ளி. அடுத்தடுத்து நான்கு ஆட்டங்களை ஜெயித்து மயாமி சாம்பியன் ஆனது. ஷாக் வாக்கைக் காப்பாற்றிவிட்டார்.

அதே வருடம் ஜனவரி 22 அன்று டொராண்டோவுக்கு எதிராக கோபி 81 புள்ளி எடுத்தார். லீக்கின் வரலாற்றில் அன்று அது இரண்டாவது பெரிய எண்ணிக்கை. ஆனாலும் லேக்கர்ஸ் முதல் சுற்றில் ஃபீனிக்ஸிடம் 3-1 என்று முன்னிலையில் இருந்து, 4-3 என்று தோற்றது. 2007-லும் முதல் சுற்றோடு சரி. வெறுத்துப்போன கோபி, 2007 மே மாதத்தில் தன்னையும் வேறு அணிக்கு அனுப்பிவிடச் சொல்லி வெளிப்படையாகக் கேட்டார். ஷாக்கை விட்டு எவரைத் தக்கவைத்தார்களோ அவரும் போகிறேன் என்கிறார். அந்த நாளில் நின்று பார்த்தால் ஷாக் கட்சிக்கே முழு வெற்றி. எதிர்வாதம் பேச ஆளே இல்லை.

இரண்டாவது தீர்ப்பு: கைமாறிய சங்கிலி

ஆனால் பரிமாற்றம் அங்கே முடிந்துவிடவில்லை. வாங்கிய ஆட்கள் மறுபடி கைமாறிக்கொண்டிருந்தார்கள்.

2005-ல் லேக்கர்ஸ் கரோன் பட்லரை வாஷிங்டனுக்குக் கொடுத்து க்வாமே பிரவுன் என்ற சென்டரை வாங்கியது. பிரவுன் 2001 டிராஃப்டில் முதலாவதாகத் தேர்வானவர், ஆனால் அந்த எதிர்பார்ப்பைக் கடைசிவரை நிறைவேற்றாதவர். பட்லரோ வாஷிங்டனில் இரண்டு முறை நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானார். அந்த அளவில் அது லேக்கர்ஸின் இரண்டாவது தவறு என்றே எழுதினார்கள்.

2008 பிப்ரவரி 1. க்வாமே பிரவுனையும், இன்னும் இரண்டு ஆட்டக்காரர்களையும், இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளையும், ஸ்பெயினில் ஆடிக்கொண்டிருந்த மார்க் கசோல் என்ற இளைஞரின் உரிமையையும் மெம்ஃபிஸ் அணிக்குக் கொடுத்து, மார்க்கின் அண்ணன் பாவ் கசோலை லேக்கர்ஸ் வாங்கியது. லீக்கே அதிர்ந்தது. சான் அன்டோனியோ பயிற்சியாளர் கிரெக் போபோவிச், அர்த்தமற்ற பரிமாற்றங்களை ரத்து செய்ய ஒரு குழு வேண்டும் என்கிற அளவுக்குப் பேசினார்.

பாவ் கசோல் வந்த அந்தப் பருவத்திலேயே லேக்கர்ஸ் இறுதித் தொடருக்குப் போய் பாஸ்டனிடம் தோற்றது. 2009-ல் பட்டம். இறுதியில் தோற்றது, 1996-ல் ஷாக்கை இழந்த ஓர்லாண்டோ. 2010-ல் மறுபடி பட்டம், இந்த முறை பாஸ்டனையே ஏழாவது ஆட்டத்தில் 83-79 என்று வென்று. அந்த ஆட்டத்தில் கோபி எறிந்த 24-ல் 6 மட்டுமே கூடைக்குள் விழுந்தன. பாவ் கசோல் 19 புள்ளியும் 18 ரீபவுண்டும் எடுத்துத் தாங்கிப் பிடித்தார். இந்த இரண்டு பட்டத்திலும் லமார் ஓடம் முக்கியப் பங்கு வகித்தார். மயாமியிடமிருந்து வாங்கிய டிராஃப்ட் வாய்ப்பில் 2006-ல் தேர்வான ஜோர்டன் ஃபார்மரும் அந்த அணியில் இருந்தார். அன்று செய்தியாளர்களிடம், ஷாக்கைவிட ஒரு பட்டம் தனக்கு அதிகம் என்று கோபி சிரித்துக்கொண்டே சொன்னார். ஷாக்குக்கு 4, கோபிக்கு 5.

ஷாக்கின் கதையோ வேறு திசையில் போனது. 2004-05-ல் 73 ஆட்டம், அடுத்த வருடம் 59, அதற்கடுத்த வருடம் 40. உடம்பு ஒத்துழைக்கவில்லை. 2005-ல் மயாமி அவருக்கு 5 வருடம், 10 கோடி டாலர் நீட்டிப்புக் கொடுத்திருந்தது. அந்த ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே, 2008 பிப்ரவரியில், அவரை ஃபீனிக்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பருவத்தில் மயாமி 15 வெற்றி, 67 தோல்வி! ஆக, வயதைப் பற்றி கோபி கட்சி சொன்னது அப்படியே பலித்தது. 2010-ல் நின்று பார்த்தால் அவர்களுக்கே முழு வெற்றி.

இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றால்

சங்கிலியை இன்னும் இழுத்தால் தீர்ப்பு மறுபடி புரள்கிறது. ஷாக்குக்கு ஈடாக ஃபீனிக்ஸிடமிருந்து மயாமி வாங்கியவர்களில் முக்கியமானவர் ஷான் மேரியன். 2009-ல் மேரியனைக் கொடுத்து ஜெர்மைன் ஓ'நீலை வாங்கினார்கள். அவருடைய பெரிய ஒப்பந்தம் 2010 கோடையில் முடிந்தது. அப்படி ஒழிந்த சம்பள இடமும் சேர்ந்துதான் லெப்ரான் ஜேம்ஸையும் கிறிஸ் பாஷையும் மயாமிக்குக் கொண்டுவர உதவியது. 2012, 2013 என்று மேலும் இரண்டு பட்டங்கள்.

ஏமாந்துவிட்டதாக எல்லோரும் சிரித்த மெம்ஃபிஸ்? தம்பி மார்க் கசோல் அங்கே வளர்ந்து 2013-ல் லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கினார். 2011 பிளே-ஆஃபில் எட்டாவது இடத்திலிருந்த மெம்ஃபிஸ், முதலிடத்திலிருந்த அணியை முதல் சுற்றிலேயே வீட்டுக்கு அனுப்பியது. அந்த அணி எது தெரியுமா? போபோவிச்சின் சான் அன்டோனியோ.

எல்லோருக்கும் லாபம் என்று சொல்லி வழக்கை மூடிவிடலாமா? நிறைய எழுத்தாளர்கள் அப்படித்தான் மூடுகிறார்கள். 'இரண்டு அணியும் ஜெயித்த பரிமாற்றம்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது நியாயமான தீர்ப்பு அல்ல.

மூன்று கேள்விகள், மூன்று விடைகள்

'பரிமாற்றம் சரியா' என்பது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. பிரிந்தது சரியா? வாங்கிய விலை சரியா? வாங்கியதை வைத்து அப்புறம் செய்தது சரியா? ரசிகர்கள் இருபது வருடமாக முட்டிக்கொள்வதற்குக் காரணமே, ஒருவர் முதல் கேள்விக்குப் பதில் சொல்ல, மற்றவர் மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்வதுதான்.

பிரிந்தது சரியா என்றால், 2004-ல் தெரிந்த விஷயங்களை மட்டும் வைத்துப் பார்த்தாலும் அந்த முடிவில் நியாயம் இருந்தது. 32 வயது, எடை, கேட்கப்பட்ட தொகை, கோபியின் ஒப்பந்தம். இவற்றில் எதுவும் பிறகு தெரியவந்த ரகசியம் இல்லை. ஓர்லாண்டோவின் அனுபவமும் கண்ணெதிரே இருந்தது.

விலை சரியா என்றால், சரியில்லை. அவசரத்தில், மனஸ்தாபத்தை ஊரறியக் காட்டிவிட்டு, போகத் துடிக்கும் ஆளை விற்றார்கள். கிடைத்த நால்வரில் நீண்ட நாள் பயன்பட்டவர் ஓடம் ஒருவர்தான். கணக்குப்பிள்ளைகள் சொன்னது அன்றும் சரி, இன்றும் சரி.

மூன்றாவது கேள்விக்கு விடை 2008 பிப்ரவரியில் இருக்கிறது. 2009, 2010 பட்டங்களை 2004-ன் கணக்கில் எழுதுவது தவறு. பட்லர் போய், பிரவுன் வந்து, பிரவுன் போய், கசோல் வந்தார் என்ற சங்கிலி உண்மைதான். ஆனால் அந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனி முடிவு. அந்த நாளில் மெம்ஃபிஸ் மறுத்திருந்தால் 2004-ஐப் பற்றி இன்று எல்லோரும் வேறு மாதிரி பேசிக்கொண்டிருப்பார்கள். பரிமாற்றம் மட்டும் அதே பரிமாற்றமாகத்தான் இருந்திருக்கும். பின்னால் வந்த நல்ல முடிவு முன்னால் எடுத்த முடிவின் விலையைக் குறைத்துவிடாது.

ரசிகர்களின் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. 2005-லிருந்து 2007 வரை லேக்கர்ஸ் ஒரு பிளே-ஆஃப் சுற்றுகூட ஜெயிக்கவில்லை. கோபிக்கு அப்போது 26, 27, 28 வயது. ஒரு ஆட்டக்காரரின் உடம்பு உச்சத்தில் இருக்கிற வருடங்கள். அந்த மூன்று வருடமும் போனது போனதுதான். 2010-ல் கிடைத்த பட்டம் அவற்றைத் திருப்பிக் கொடுக்கவில்லை. 2005-ல் கோபப்பட்ட ரசிகரைப் பார்த்து, 'பொறுமையாக இருந்திருந்தால் தெரிந்திருக்கும்' என்று பின்னாளில் சொல்வது எளிது. அவர் டிக்கெட் வாங்கியது 2005-க்கு.

இன்றும் அதே வழக்கு

2025 பிப்ரவரி தொடக்கத்தில் இந்த வழக்கு வேறு பெயர்களோடு மறுபடி நீதிமன்றத்துக்கு வந்தது. நோவிட்ஸ்கியைக் கடைசிவரை கைவிடாத அதே டல்லாஸ், 25 வயது லூகா டான்சிச்சை லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டு 31 வயது அந்தோனி டேவிஸை வாங்கியது. முந்தைய வருடம்தான் டான்சிச் அந்த அணியை இறுதித் தொடருக்குக் கொண்டுபோயிருந்தார். டல்லாஸ் ரசிகர்கள் அரங்கத்தின் வாசலில் சவப்பெட்டி வைத்து ஒப்பாரி வைத்தார்கள். நிர்வாகி நிகோ ஹாரிசனை நீக்கச் சொல்லி ஆட்டத்துக்கு ஆட்டம் கோஷம் போட்டார்கள். இடையில் அந்த வருட டிராஃப்ட் குலுக்கலில் 1.8 சதவீத வாய்ப்பே இருந்த டல்லாஸுக்கு முதலிடம் விழுந்து, கூப்பர் ஃபிளாக் என்ற அபூர்வமான இளைஞர் கிடைத்தார். அப்படியும் கோஷம் அடங்கவில்லை. 2025 நவம்பரில் ஹாரிசன் நீக்கப்பட்டார்.

நாளை ஃபிளாக் டல்லாஸுக்குப் பட்டமே வாங்கிக் கொடுத்தாலும், குலுக்கலில் விழுந்த அதிர்ஷ்டத்தைப் பரிமாற்றத்தின் கணக்கில் எழுதக்கூடாது. 2004 சொல்லித் தருகிற பாடம் இதுதான். ஒரு முடிவை, அது எடுக்கப்பட்ட நாளில் கையில் என்ன இருந்தது, என்ன தெரிந்திருந்தது, என்ன கேட்டு வாங்கியிருக்க முடியும் என்பதை வைத்து எடைபோட வேண்டும். பின்னால் வந்த மழையை வைத்து விதைத்தவனின் கெட்டிக்காரத்தனத்தை அளக்க முடியாது.

ஷாக்கும் கோபியும் பின்னாளில் சமாதானமாகிவிட்டார்கள். 2013-ல் லேக்கர்ஸ் ஷாக்கின் 34-ஆம் எண் சட்டையை யாரும் அணியக்கூடாது என்று ஓய்வுபெறச் செய்தது. 2017-ல் அரங்கத்தின் முன்னால் அவருக்குச் சிலையும் வைத்தது. 2018-ல் இருவரும் தொலைக்காட்சியில் எதிரெதிரே உட்கார்ந்து பழைய சண்டைகளைப் பேசிச் சிரித்தார்கள். 2020 ஜனவரி 26 அன்று கோபி ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். அடுத்த மாதம் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் ஷாக் மேடையேறிப் பேசினார்.

சண்டை போட்ட இருவருக்குள் வழக்கு என்றோ முடிந்துவிட்டது. ரசிகர்களுக்குள் மட்டும் வாய்தா மேல் வாய்தாவாக அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.